பேத்தி தினமும் சாவது தொடர்பாக

பெறுநர்:
வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவின் தலைவர் அவர்கள்,
எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்டர்நெட் வழங்கும் நிறுவனம்.

அனுப்புநர்:
தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்,
மதுரை.

பொருள்: வீட்டு இன்டர்நெட் – 300 எம்பிபிஎஸ் கேமிங் பிளான் – மேற்படி பிளானில் பேத்தி தினமும் சாவது – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 1. தெருமுனையில் தாங்கள் கட்டியுள்ள விளம்பரத் தட்டி. 2. "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று தங்களிடமிருந்து வந்த குறுஞ்செய்திகள்.

ஐயா / அம்மையீர்,

பொருளைப் படித்துப் பதற வேண்டாம். பேத்தி நலமாக இருக்கிறாள். அவள் சாவது வேலோரன்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில். கல்லூரியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு எட்டரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். எதிரியை முதலில் பார்ப்பது அவள். முதலில் சுடுவதும் அவள். சாவதும் அவளே. சில சமயம் கொன்றவன் அவள் செத்த பிறகுதான் சுவர் மூலையைத் திரும்பித் திரையில் தலைகாட்டுகிறான். "லேக் அடிக்குது தாத்தா" என்பாள். பூர்வஜென்மப் பலன் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

என் மகன் விடவில்லை. தங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டான். எதிர்முனையில் இருந்த பெண் பரிவோடு விசாரித்து, "100 எம்பிபிஎஸ் கேமிங்குக்குப் பத்தாது சார், 300 எடுத்துக்கோங்க" என்றார். எடுத்தோம். அதுவரை 100 எம்பிபிஎஸ்ஸில் செத்துக்கொண்டிருந்தவள் இப்போது 300 எம்பிபிஎஸ்ஸில் சாகிறாள். குடும்ப கௌரவம் மூன்று மடங்கு கூடியிருக்கிறது. முதல் நன்றி அதற்கு.

தந்தி ஆபீஸ் புத்தி சும்மா இருக்காது. 300 எம்பிபிஎஸ் என்றால் என்ன என்று தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அது நொடிக்கு 300 மெகாபிட். பைட் கணக்கில் எட்டால் வகுக்க வேண்டும், 37.5 மெகாபைட் வரும். ஆட்டத்துக்கு 5 ஜிபியில் அப்டேட் வந்தால், பழைய பிளானில் ஏழு நிமிடம் எடுத்தது இப்போது இரண்டே கால் நிமிடத்தில் இறங்குகிறது. இதை மறுக்கமாட்டேன். வீட்டில் நாலு பேர் நாலு அறையில் நாலு சினிமா பார்த்தாலும் படம் நிற்பதில்லை. அதையும் மறுக்கமாட்டேன். ஆனால் ஆட்டம் நடக்கும்போது வந்துபோகும் தகவல் எவ்வளவு என்று பார்த்தேன். நொடிக்கு ஒரு மெகாபிட்டைத் தாண்டுவதே அபூர்வம். பேத்தி எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் பார்க்கிறாள், சுட்டாளா இல்லையா, இவ்வளவுதான் போகிறது. மற்றவர்கள் எங்கே என்பது வருகிறது. படம் முழுவதையும் வரைந்துகொள்வது வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர்தான்.

அந்தச் சேதிகள் சின்னவை. ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவை. வேலோரன்ட்டின் சர்வர் நொடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கிறது. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடைவெளி 8 மில்லி விநாடிகூட இல்லை. இங்கிருந்து சேதி போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லி விநாடி என்பதைத்தான் பசங்கள் பிங் என்கிறார்கள். அந்தப் பிங் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கினால் ஜிட்டர். சேதி வழியிலேயே தொலைந்தால் பாக்கெட் லாஸ். பேத்தியின் ஆயுள் இந்த மூன்றின் கையில் இருக்கிறது. ஆட்டத்தைத் தயாரித்த ரயட் நிறுவனம் 2020-ல் அதை அறிவித்தபோது, பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குப் பிங்கை 35 மில்லி விநாடிக்குள் வைப்பதே குறிக்கோள் என்றது. எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும் என்று அலட்டிக்கொள்ளவில்லை. தங்கள் விளம்பரத் தட்டியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு ராக்கெட் படம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வகுத்த சேவைத் தர அளவுகோல்களிலேயே தாமதத்துக்கும் ஒரு வரி உண்டு, ராக்கெட்டுக்கு இல்லை.

அநியாயமாகக் குறை சொல்லக் கூடாது என்பதால் தூரத்தையும் கணக்குப் போட்டேன். எங்களுக்கு வாய்த்த சர்வர் மும்பையில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து மும்பை என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். போக 9, வர 9, ஆக 18 மில்லி விநாடி ஒளிக்கே செலவு. இழை நேர்கோட்டில் போகாது. நடுவில் எத்தனையோ பெட்டிகள் வாங்கி வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்னொரு 18 கொடுத்துவிடுகிறேன். ஆக 36. பேத்தியின் திரையில் 36-லிருந்து 40 வரை காட்டும் இரவுகளில் தங்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒளியின் வேகத்தைக் கூட்டும்படி விண்ணப்பிக்கத் தங்களிடம் தனிப் படிவம் இருந்தால் மட்டும் அனுப்பிவைக்கவும்.

சில இரவுகளில் 110 காட்டுகிறதே, அதுதான் சுவாரசியம். டிரேஸ்ரூட் என்று ஒரு கட்டளை உண்டு. சேதி எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்பதை ஒவ்வொரு நிறுத்தமாகக் காட்டிக் கொடுத்துவிடும். போட்டுப் பார்த்தேன். மதுரை, சென்னை, சிங்கப்பூர், மும்பை. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2002-லேயே வந்துவிட்டது. நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். அதன் வழியாகக் கடல் தாண்டிப் போய், மறுபடியும் இந்தியாவுக்குத் திரும்பி, பிறகு மும்பைக்காரனைச் சுடுகிறாள் என் பேத்தி. எனக்கே இன்றுவரை பாஸ்போர்ட் கிடையாது. அவள் துப்பாக்கிக் குண்டு வாரத்தில் பாதி நாள் வெளிநாட்டில் இருக்கிறது. உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்றுதான் 2003-ல் நிக்ஸி என்கிற இணையப் பரிமாற்ற மையத்தை உருவாக்கினார்கள். சென்னையிலேயே அதற்கு ஒரு கிளை இருக்கிறது. தாங்கள் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் இருக்கும். எந்த வழி அன்றைக்கு மலிவோ அந்த வழியில் அனுப்புவது தொழில் தர்மம் என்று கேள்விப்படுகிறேன். ஆனாலும் கேமிங் பிளான் என்று பெயர் வைத்துவிட்டுக் குண்டைச் சுற்றுலாவுக்கு அனுப்புவது நன்றாக இல்லை.

புகார் கொடுத்தோம். தங்கள் பெண்மணி கேட்ட முதல் கேள்வி, "மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?" பண்ணினோம். சிங்கப்பூர் அப்படியே இருந்தது. இரண்டாவதாக, "ஸ்பீடு டெஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க" என்றார். போட்டோம். முள் விர்ரென்று ஏறி 298-ல் நின்றது, பிங் 4. "பாத்தீங்களா சார், எங்க பக்கம் பிரச்சனையே இல்ல" என்று டிக்கெட்டை மூடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு குறுஞ்செய்தி.

அந்த 4-ஐப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். மதுரையிலிருந்து 4 மில்லி விநாடியில் எங்கே போய்த் திரும்ப முடியும்? சோதனைக்கு அது தானாகத் தேர்ந்தெடுத்துக்கொண்ட சர்வரின் பெயரைப் பார்த்தேன். தங்கள் பெயர்! தங்கள் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே, அருகிலிருக்கும் தங்கள் சொந்த அறையில் வைத்திருக்கும் பெட்டி. இதில் தவறென்று ஒன்றும் இல்லை. என் வீட்டுக்கும் தங்கள் வாசற்படிக்கும் நடுவில் எல்லாம் ஒழுங்கு என்பதை அது காட்டுகிறது. வாசற்படிக்கு அப்புறம் நடப்பதை அது காட்டாது. அளக்கும் இந்த முறை எனக்குப் பிடித்துப்போய், இம்மாதக் கட்டணத்தையும் அப்படியே செலுத்திவிட்டேன். சட்டைப் பையிலிருந்து முழுத் தொகையை எடுத்து என் இடுப்பு மடிக்கு மாற்றினேன். ஒரு ரூபாய்கூட வழியில் தொலையவில்லை. தாமதம் பூஜ்யம் என்றே சொல்லலாம். ஸ்கிரீன்ஷாட் இத்துடன் வைத்திருக்கிறேன். பணம் தங்கள் கணக்குக்கு வந்து சேரவில்லையென்றால் என் பக்கம் பிரச்சனை இல்லை. தங்கள் பேங்கை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கவும்.

அடுத்த விஷயம், மருமகள் கல்யாண வீடுகளுக்குப் போய்வரும் நாட்களைப் பற்றியது.

அவள் எந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் அன்று இரவு பேத்தி கூடுதலாகச் சாகிறாள். மாமியார் வீட்டில் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். நான் கறுப்புத் திரையைத் திறந்து பிங் கட்டளையை ஓடவிட்டு உட்கார்ந்தேன். 38. 41. 39. 38. வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மருமகளின் போன் சார்ஜில் போட்டதும் முகூர்த்தத்திலிருந்து பந்தி வரை எடுத்த போட்டோக்களையும் வீடியோக்களையும் தானாகவே மேலே ஏற்ற ஆரம்பித்தது. 160. 290. 312. ஒரு பதில் வரவே இல்லை. மறுபடியும் 305. பக்கத்து அறையிலிருந்து, "அம்மா! போட்டோ பேக்கப்ப நிறுத்தும்மா!" என்று சத்தம். நிறுத்தியதும் 40.

தங்கள் தட்டியில் இருக்கும் 300 கீழே இறக்குவதற்கு. மேலே ஏற்றுவதற்கு 30-தான். அதை எழுதத் தட்டியில் இடம் போதவில்லை போலிருக்கிறது, ராக்கெட் பெரிது. போன் அந்த 30-ஐயும் நிரப்பிவிட்டால் மிச்சமெல்லாம் தங்கள் பெட்டிக்குள் வரிசையில் நிற்கும். ஒரு மெகாபைட் வரிசை நின்றால்கூட, 30 எம்பிபிஎஸ் வேகத்தில் அது வெளியேறக் கால் விநாடிக்கு மேலாகும். பேத்தியின் சின்னஞ்சிறு சேதி பந்தி வீடியோவின் வால் பக்கம் போய் நிற்க வேண்டும். எதையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பெட்டியில் நினைவகத்தைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். அதனாலேயே வரிசை நீள்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். அமெரிக்காவில் பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஜிம் கெட்டிஸ் என்பவர், 2010 வாக்கில் தன் சொந்த வீட்டு இணைப்பு இப்படி அவதிப்படுவதைத் துருவிப் பார்த்து, ஊர் உலகத்துக்கெல்லாம் எடுத்துச் சொன்னார்.

எங்கள் ஆபீசில் இந்தப் பிரச்சனை கிடையாது. அவசரத் தந்தி என்று தனியாக ஒன்று இருந்தது. கூடுதல் கட்டணம் கட்டினால் சாதாரணத் தந்திக் கட்டுக்கு முன்னால் அது போய்விடும். சித்திரை மாதத்தில் கல்யாண வாழ்த்துத் தந்திகள் மேஜையில் மலைபோல் குவிந்து கிடக்கும். அதற்கு நடுவில், 'அப்பா கவலைக்கிடம் உடனே வா' என்று ஒருவர் எழுதி நீட்டுவார். அதை வாழ்த்துக்கட்டுக்கு அடியில் செருகிய குமாஸ்தா யாரையும் நான் பார்த்ததில்லை. தந்தி சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். அதோடு இந்த அறிவையும் மூடிவிட்டார்களோ என்று நினைத்தேன். இல்லை. கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012-ல் கோடெல் என்று ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு சேதி வரிசையில் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதைப் பார்த்து அது வரிசையைச் சுருக்கும். அதையொட்டி வந்த எஃப்கியூ-கோடெல், ஒவ்வொரு போக்குவரத்தையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து, சின்ன சேதியைச் சட்டென்று வெளியே விடுகிறது. 2018-ல் அதற்கு ஆர்எஃப்சி 8290 என்று எண் போட்டு ஆவணமாக்கியும் விட்டார்கள். கேக் என்று இன்னொன்று இருக்கிறது. எல்லாமே இலவச மென்பொருள். மொத்த வேகத்தில் ஒரு பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்து, 30-க்குப் பதில் 27-ல் எல்லை போட்டால், வரிசை இந்த மென்பொருளின் கைக்குள் நிற்கும். பத்து சதவீதத்தைக் கொடுத்துப் பேத்தியின் உயிரை வாங்கலாம். மலிவான வியாபாரம்.

செய்யலாம் என்று தங்கள் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ளதைப் போட்டேன். வைஃபையின் பெயரை மாற்ற மட்டும் விட்டது. மற்றதெல்லாம் தங்கள் கையில். போன் போட்டுக் கேட்டால், பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர இயலாது என்கிறார்கள். அணுமின் நிலையத்துக்கு இருக்கலாம் அந்த மரியாதை. எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி அது!

செருப்பு அலமாரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒயர் வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதற்காகத் தங்கள் ஆட்கள் பெட்டியை வாசலிலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். பேத்தியின் அறை கடைசியில். நடுவில் மூன்று செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை பீரோவரைக்கும் வந்து அதோடு நின்றுகொள்கிறது. 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று, எங்கள் தெரு முழுவதும் அவற்றில்தான் குடியிருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் லேன் ஒயர் வாங்கி, சுவரோரமாக கிளிப் அடித்துக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் நேராகச் செருகிவிட்டேன். பிங்கின் குதியாட்டம் அன்றோடு பாதி அடங்கியது. 300-க்கு மாறச் சொன்ன தங்கள் பெண்மணி இந்த ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார். ஒயர் விற்றால் தங்களுக்கு மாதாமாதம் காசு வராது.

இந்தக் கதையில் தங்கள் தரப்பில் உருப்படியான ஒரே ஆள், லைன் பார்க்க வந்த அந்தத் தம்பி. திரும்பத் திரும்பப் புகார் போட்டதில் ஒருநாள் பைக்கில் வந்து இறங்கினார். ஸ்பீடு டெஸ்ட் பக்கமே போகவில்லை. பெட்டியின் பின்னாலிருந்து மஞ்சள் ஒயரைக் கழற்றி, ஒளியின் பலத்தை அளக்க இடுப்பில் வைத்திருந்த சின்ன பவர் மீட்டரில் செருகினார். "மைனஸ் 28 காட்டுதுய்யா. இருபத்தஞ்சு வரைக்கும் ஓட்டிரும். இதுக்கு மேல போனா பாக்கெட் கொட்டத்தான் செய்யும்." ஒயரைத் தடவிக்கொண்டே ஜன்னல்வரை போனவர் அங்கே நின்றார். கொசுவலைச் சட்டத்துக்கும் ஜன்னல் கதவுக்கும் நடுவில் ஒயர் மாட்டி, கூராக மடிந்திருந்தது. இழை அப்படி மடிந்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். மடிப்பை நிமிர்த்தி, வட்டமாகச் சுற்றிவிட்டு, வேறு ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக் கொடுத்தார். மீட்டர் மைனஸ் 21 காட்டியது. பாக்கெட் லாஸ் அத்தோடு ஒழிந்தது. டீ குடிக்கச் சொன்னேன். இன்னும் நிறைய வீடு பாக்கியிருக்கிறது என்று ஓடினார். அவர் எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள், தங்களிடமிருந்து பிளானை 500-க்கு உயர்த்தச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

இரவு ஒன்பது மணிக்கு லைனில் கூடும் கூட்டத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒரு இழையைப் பிரித்து 32 வீட்டுக்கும் 64 வீட்டுக்கும் கொடுப்பீர்கள், அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 2.5 ஜிகாபிட், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் 300 கொடுக்க அது காணாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடப்பது எங்கள் தந்திக் கம்பிக்கும் பொருந்தும். ஐபிஎல் இறுதிப் போட்டி அன்று மட்டும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, அவ்வளவே.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, தட்டியிலிருக்கும் ராக்கெட்டைச் சற்றே சிறிதாக்கி, பக்கத்தில் அப்லோடு எவ்வளவு என்பதையும், இரவு ஒன்பது மணிக்கு மும்பைக்குப் பிங் எவ்வளவு என்பதையும் எழுத ஆவன செய்யுமாறும், என் பேத்தியின் குண்டை இந்திய எல்லைக்குள்ளேயே வைத்திருக்குமாறும், பெட்டியின் கடவுச்சொல்லை எனக்குத் தரப் பயமாக இருந்தால் தாங்களே எஃப்கியூ-கோடெலைப் போட்டு, 27-ல் எல்லை வைத்துக் கொடுக்குமாறும், லைன் பார்க்கும் தம்பிக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்பதைக் குறைத்துச் சம்பளத்தைக் கூட்டுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிளானை 100-க்கே திரும்ப இறக்கும் விண்ணப்பத்தையும் இதோடு சேர்த்திருக்கிறேன். அதற்கு 'தாழ்த்தல் கட்டணம்' என்று ஒன்று இருப்பதாகத் தங்கள் பெண்மணி சொன்னார். அதை என் இடுப்பு மடியில் வரவு வைத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளன்.

நகல்:
1. மருமகளுக்கு – போட்டோ பேக்கப்பை விடியற்காலை நேரத்துக்கு மாற்றிவைக்கும் பொருட்டு.
2. பேத்திக்கு – தகவலுக்காகவும், ஆட்டத்தை முடித்துவிட்டு பதினோரு மணிக்குள் படுக்கும் பொருட்டும்.
3. லைன் பார்க்கும் தம்பிக்கு – வாட்ஸ்அப்பில். பெறுநர் படிக்காவிட்டாலும் அவர் படிப்பார்.